ஒரே சீராகத் துடித்த நெஞ்சு

18 நவம்பர் 1996, திங்கள்

பயிற்சி இன்று தொடங்கியது. என் எம்.ஃபில். ஆய்வுக்குப் பத்துக் கால்பந்தாட்டக்காரர்கள், பன்னிரண்டு வாரம். முப்பது மீட்டர் முழு வேகம், இருபது விநாடி நிற்பது, மறுபடி முழு வேகம். மூச்சு வாங்க நேரம் கொடுக்காத இந்த ஓட்டத்துக்குப் பெயர் அனரோபிக் பயிற்சி. திங்கள்தோறும் காலையில் ஒவ்வொருவரையும் பத்தமடைப் பாயில் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஞானையா டாக்டர் தன் பழைய மெஷினை ஆயிரம் எச்சரிக்கையோடு இரவல் தந்திருக்கிறார்.

வலது விங் ஆடும் மத்தியாஸ்தான் என் துருப்புச்சீட்டு. மணப்பாட்டுக்காரன். நாடி 54. ஆனால் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தால் ஒன்று 26 மில்லிமீட்டர், அடுத்தது 30. இந்த ஒழுங்கின்மையைப் பயிற்சி சரிசெய்துவிடும்.

பிப்ரவரியில் துறைமுக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இடம் கிடைத்தால் வேலை. வயது வரம்புப்படி மத்தியாஸுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

9 டிசம்பர், திங்கள்

மத்தியாஸின் ஈ.சி.ஜி. தாளில் இடைவெளி 25, 25, 25 மில்லிமீட்டர்! இம்மி பிசகவில்லை. நாடி மட்டும் 60 ஆகியிருக்கிறது. விடுதியில் காபி குடித்துவிட்டு வந்திருப்பான்.

"ஏலே, உன் நெஞ்சு கடிகாரம்லே" என்றேன். பயலுக்கு வாயெல்லாம் பல். அம்மாவிடம் காட்ட ஒரு துண்டு கேட்டான். வெட்டிக் கொடுத்தேன்.

6 ஜனவரி 1997, திங்கள்

ஓட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு மத்தியாஸ் வந்து நின்றான். "சார், உறக்கம் வர மாட்டேங்கு. காலு எழும்பவே மாட்டேங்கு. ஒரு வாரம் ஓட்டத்த நிப்பாட்டிக்கிடட்டா?"

அவன் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். "பாருலே, எவ்வளவு சீரா அடிக்கி. உன் காலு பொய் சொல்லும், இது சொல்லாது. போய் இன்னும் ரெண்டு சுற்று ஓடு."

ஓடினான்.

அவன் நின்றுவிட்டால் என் அட்டவணையில் ஒரு வரிசை காலியாகும். நான் அவனுக்காகச் சொன்னேனா, அட்டவணைக்காகச் சொன்னேனா?

7 ஜனவரி

சுப்ரஜாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. "முடியலைன்னு வாய்விட்டுச் சொல்லுதவன விட்டுட்டு, தாளுகிட்டயா கேப்பிய?" என்கிறாள். உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். கட்டிய பெண்டாட்டியிடம்தான் நம் வீரமெல்லாம்.

8 பிப்ரவரி, சனி

தூத்துக்குடி. தேர்வு ஆட்டம்.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் ஆடினான். அப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு எட்டு பிந்தினான். நான் பார்த்த மத்தியாஸ் பந்துக்கு முன்னால் போய் நிற்பவன். இன்று அது அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இடைவேளையில் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரை எடுத்தார்கள். அவன் இல்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். வல்லநாடு தாண்டிய பிறகு கேட்டான்: "நெஞ்சு நல்லாத்தான சார் இருக்கு? பொறகு ஏன் காலு வரல?"

உறங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

9 பிப்ரவரி

ஒன்றும் எழுத ஓடவில்லை.

2 ஆகஸ்ட் 1997, சனி

பல்கலைக்கழக நூலகத்துக்குப் புதிதாக வந்த ஆய்விதழ் ஒன்றைச் சும்மாதான் புரட்டினேன். மூன்று முறை வாசித்தேன். இளைப்பாறிய நெஞ்சு ஒரே சீராக அடிப்பதில்லையாம். மூச்சை இழுத்தால் கொஞ்சம் விரையும், விட்டால் தணியும். இடைவெளி கூடிக் குறைவதுதான் ஆரோக்கியம். ஓய்வே இல்லாமல் வேலை வாங்கினால் அந்த அசைவு சுருங்கிப்போய், துடிப்பு கடிகாரம் போல் ஆகிவிடலாமாம்.

கடிகாரம்!

அட பாவி. அவன் வாயால் சொன்னதைத்தானே அந்தத் தாளும் சொன்னது? அதைக் காட்டியே அவனை ஓட விட்டேனே! நாடி ஏறியதைக்கூடக் காபி தலையில் கட்டினேன்.

என் ஆய்வேடு மே மாதமே ஏற்கப்பட்டுவிட்டது. நாற்பத்தோராம் பக்கத்தில் 'மிகச் சிறந்த முன்னேற்றம்' என்று நான் எழுதியிருப்பது மத்தியாஸைப் பற்றி.

10 மே 1998, ஞாயிறு

நாளைக்கு, அடுத்த வாரம் என்று ஒன்பது மாதம் தள்ளிவிட்டு இன்று மணப்பாட்டுக்குப் போனேன். மத்தியாஸ் அவன் மாமாவின் படகில் மீன்பிடிக்கப் போகிறான். தோள் அகன்றிருக்கிறது, நிறம் கறுத்திருக்கிறது. கடற்கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவன் கையை நீட்டி, "இப்பம் பாருங்க சார்" என்றான்.

மணிக்கட்டில் விரல் வைத்தேன். மூச்சை இழுக்கையில் விரைந்தது, விடுகையில் பைய அடித்தது. நல்ல நெஞ்சு. எந்த அணியும் எடுக்காத நெஞ்சு. "நல்லா இருக்குலே" என்றேன்.

வீட்டில் அவன் அம்மா லூர்து மேரி மீன் குழம்பு வைத்திருந்தார்கள். சார் சைவப் பிள்ளை, மீன் சாப்பிட மாட்டார் என்று மத்தியாஸ் சொன்னதும், கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மாதா படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் நான் வெட்டிக் கொடுத்த அந்தத் துண்டுத் தாள்.

"எம் மவன் நெஞ்சு கடிகாரமாம்லா. நீங்கதான சார் சொன்னிய?"

மத்தியாஸைப் பார்த்தேன். அவன் லேசாகத் தலையை அசைத்தான், சொல்லாதீர்கள் என்று.

"ஆமாம்மா" என்றேன்.