பற்றவைக்காத சுருட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் மட்டுப்பட்டதா? நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

"சுருட்டுக் கடையில வேலை பாக்குற, அப்பனுக்கு நல்லதா ஒண்ணு அனுப்பக் கூடாதா?" என்று போனில் கேட்டீர்களே. போன வாரம் ஒரு சின்னப் பட்டறையிலிருந்து, குறைந்த எண்ணிக்கையிலேயே சுற்றிய உயர்ரகச் சுருட்டுகள் வந்தன. கடைக்கு ஒரு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் பார்க்கிறேன் என்றேன்.

"ஊதிப் பாக்காத பொண்ணுக்கு என்ன தெரியும்?" என்றார் முதலாளி.

நான் விடவில்லை. ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்தேன். பற்றவைக்காமலே வாயில் வைத்து இழுத்தேன். ஒன்று கல் மாதிரி இருந்தது. இன்னொன்றில் வெறும் காற்றுதான் வந்தது. மூன்றாவதில் காய்ந்த மரமும் வெல்லமும் மணத்தன, இதுதான் என்றேன். முதலாளி அதைப் பற்றவைத்து அடிவரை புகைத்தார். பிறகு அதையே முன் அலமாரியில் அடுக்கச் சொன்னார்.

ஆனால் இந்த இருமலோடு உங்களுக்கு அனுப்ப மாட்டேன் அப்பா. நீங்கள் தலைகீழாக நின்றாலும் கிடையாது. அந்தச் சுருட்டு வந்த காலிப் பெட்டி மட்டும் வருகிறது. சுருட்டு காயாமல் வைத்திருக்கும் அறையில் எனக்குக் குளிர்கிறது. உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை அனுப்புங்கள்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. பெட்டி வந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். உங்கள் நினைவு வந்தால் நானும் இங்கே அதைத்தான் செய்கிறேன்.

உங்கள் பிடிவாதக்காரி