பதில் வராத ஏழு கடிதங்கள்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெயாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், கோயம்புத்தூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தைத் தேடுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும் சரிப்பா, ஒண்ணுமில்லப்பா என்று இரண்டே பதில்தான் உன்னிடம் இருக்கிறது, அதற்குமேல் கேட்க எனக்கும் தைரியம் வருவதில்லை. இங்கே மழை விடாமல் பெய்கிறது, குழாயில் தண்ணீர் மட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறாதே என்றால் அம்மா வேண்டுமென்றே ஏறுகிறாள்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் மனசு பீரியட் என்று ஒன்று வந்திருக்கிறது. சுவரில் ஒரு சார்ட், அதில் சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று நாலு முகம், காலையில் வந்ததும் பிள்ளைகள் அன்றைக்குத் தங்கள் மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தின் கீழ் பேர்ச் சீட்டை ஒட்ட வேண்டும், வாத்தியாரும் ஒட்ட வேண்டும். இதற்கு மூன்று நாள் டிரெயினிங் வேறு. பெருக்கல் வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு மூஞ்சி எதற்கு என்று நான் டீக்கடையில் கேலி பேசிக்கொண்டு திரிந்தேன், என் சீட்டை முதல் நாளே சிரிப்பில் ஒட்டிவிட்டு அப்புறம் தொடவேயில்லை. ரிட்டையர் ஆக ஒன்பது மாதம் இருக்கும் வாத்தியாரை யார் கேட்கப்போகிறார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஹசீனா என்று ஒரு பெண், ஜங்லிகாட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவின் மகள். அவள் மட்டும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சார்ட் முன்னால் நின்றுகொண்டே இருப்பாள். ஒருநாள் சிடுசிடுப்பாக, சீக்கிரம் ஒட்டு, மணி அடித்துவிட்டது என்றேன். அவள் என்னைப் பார்த்து, “சார், உம்மா வரும்னு தினம் இந்தஜார் பண்றேன்ல, அதுக்கு எந்த மூஞ்சி?” என்று கேட்டாள். நாலு முகத்தையும் நானும் பார்த்தேன், காத்துக்கொண்டிருப்பதற்கு அதில் முகம் இல்லை. அவள் தாயார் பஷீராவை மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். சாயங்காலம் கடைக்குப் போய் ஹபீபைக் கேட்டேன். அந்த அம்மாள் இறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதாம், சென்னையிலேயே அடக்கமும் முடிந்துவிட்டதாம். பிள்ளை தாங்கமாட்டாள் சார், மெயின்லேண்டில் வைத்தியம் நடக்கிறது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறோம், நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜெயா, அந்த இடத்தில் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. இந்தத் தீவில் கப்பல் ஏறிப் போகாதவர் யார், அதனால் மெயின்லேண்ட் போய்விட்டார் என்றால் எந்தப் பிள்ளையும் நம்பிவிடும். சுனாமிக்குப் பிறகு கட்சால் தீவிலிருந்து வந்து கேம்ப்பில் கிடந்தபோது, உன் கூட்டாளி அழகம்மாவைத் தேடி, அவ எங்கேப்பா என்று நீ கேட்டதற்கு நானும் அதைத்தானே சொன்னேன். உனக்கு எட்டு வயது. ரப்பர் தோட்டத்து லைன் வீடுகளோடு அவளையும் அலை கொண்டுபோய்விட்டது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அவளுக்குக் கடிதம் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் கொடுத்தாய், நான் தபாலில் போட்டுவிட்டேன் என்றேன். ஏழு கடிதம். எட்டாவதை நீ எழுதவில்லை, நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன். ஆறாம் வகுப்பு படிக்கையில் டிசம்பர் நினைவுக் கூட்டத்தில் சுனாமியில் இறந்தவர்கள் பேர்களை வாசித்தபோது அவள் பேரும் வந்தது. வீட்டுக்கு வந்தாய், சாப்பிட்டாய், ஹோம்வொர்க் எழுதினாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை பக்குவமாக எடுத்துக்கொண்டது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். என்ன வாத்தியார் நான். அன்றைக்கு ஆரம்பித்த ஒண்ணுமில்லப்பா இன்றுவரை தீரவில்லை.

ஹபீபை வீட்டுக்குக் கூட்டி வந்து என் சர்வீஸ் காகிதங்கள் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஏழும் ஒட்டியது ஒட்டியபடி அதில்தான் இருந்தன. அவருக்குப் புரிய வேண்டுமென்று கடைசிக் கடிதத்தைப் பிரித்தேன், உன்னைக் கேட்காமல் பிரித்தது இன்னொரு தப்பு. “உன் குடைய நான் தொலைக்கல அழகம்மா, தண்ணி கொண்டுபோயிருச்சு. அதுக்காகவா பேச மாட்டேங்குற?” என்று எழுதியிருந்தாய். மேலே என்னால் படிக்க முடியவில்லை. அவள் உன்மேல் கோபித்துக்கொண்டு பதில் போடவில்லை என்றா அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாய்? நீ அழுவாயே என்று பயந்து பொய் சொன்னேன், அந்தப் பொய் உன்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. எனக்கு அப்போது இது தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது ஜெயா, பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஹபீப் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து அவரே மகளிடம் சொல்லிவிட்டார். பிள்ளை அப்படி அழுததாம். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று ஒரு வாரம் அத்தாவோடு பேசவில்லையாம். பள்ளிக்கூடத்தில் தினமும் கோபத்தில் சீட்டை ஒட்டினாள், அப்புறம் அழுகையில். முந்தாநாள் என்னிடம் சாக்பீஸ் டப்பா எங்கே சார் என்று தானாக வந்து கேட்டாள். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

உன் ஏழு கடிதமும் இந்தக் கவரிலேயே இருக்கின்றன. வைத்துக்கொள்வதும் கிழித்துப்போடுவதும் உன் இஷ்டம். குடைக்காக அழகம்மா உன்னோடு கோபமாக இல்லையம்மா. நீ என்மேல் கோபமாக இருந்தால் கோபம் என்றே சொல், போனிலேயே கத்து, நான் வைத்துவிட மாட்டேன். காலையில் சாப்பிடாமல் ஓடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். அம்மாவும் நானும் உன் தலையில் கை வைத்து ஆசி சொல்வதாக நினைத்துக்கொள், மனசில் பாரமில்லாமல் நூறு வயது இரு.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தச் சார்ட்டில் ஹசீனா ஸ்கெட்ச் பேனாவால் ஐந்தாவதாக ஒரு முகம் வரைந்திருக்கிறாள், வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம். அதன் கீழ் இப்போது அவள் பேர் இல்லை, என் பேர் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெகநாதன்