அஞ்சலைக்கு ஒரு கன்று

12 ஜூன் 2023
காட்பாடியில் புதுமனை புகுவிழா, ஐந்தாவது மாடி. எங்கள் பசு அஞ்சலை லிஃப்ட்டில் சமர்த்தாக நின்று மேலே போனாள். என் இடுப்பு உயரம்கூட இல்லாதவள். அதனால்தானே ஒடுகத்தூரில் இருக்கும் எங்களைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். கன்றுதான் இரவல், பக்கத்து வீட்டுடையது.

“இன்னாங்க, தாயைவிடப் புள்ள பெருசா இருக்குது?” என்று வீட்டுக்காரம்மா சிரித்தார்.

“அஞ்சு மாசச் சினைங்க. அடுத்த வாட்டி சொந்தக் கன்னோட வர்றோம்” என்றார் என் வீட்டுக்காரர் கன்னியப்பன். காவேரிப்பாக்கம் தேவசகாயத்தின் குள்ளக் காளைக்குச் சேர்த்திருக்கிறோம். குள்ளத்தோடு குள்ளம் சேர்ந்தால் முயல்குட்டி அளவில் கன்று வரும் என்று இவருக்குக் கனவு. குட்டை மாடு வைத்திருக்கும் எல்லாருக்கும் இதே கனவுதான்.

3 ஆகஸ்ட்
ஏழாம் மாசத்திலேயே, கன்று செத்துப் பிறந்தது. உடம்பில் முடியே இல்லை. மூக்கு உள்ளே அமுங்கி, நாக்கு வெளியே தள்ளி, கால்கள் — ஐயோ, அதைக் கால்னு சொல்றதா? அஞ்சலை அதை நக்கிக்கிட்டே நின்னா. என்னால பாக்க முடியலை.

6 ஆகஸ்ட்
கிரகணத்தில் மேய்ந்தாளாம். கண் பட்டுவிட்டதாம். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செத்த கன்று போட்ட பசு புதுவீட்டுக்கு ஆகாதென்று, ஆவணியில் கூப்பிட்டிருந்தவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

“பொய்கை சந்தைக்கு ஓட்டிடலாம் சுந்தரி. இனிமே யார் கூப்புடுவாங்க?” என்றார் இவர். சந்தையில் இவளை வளர்க்கவா வாங்குவார்கள்?

“என்னையும் கூட்டிப் போய் சேர்த்து வித்துடுய்யா!” என்று கத்திவிட்டேன். இன்றைக்குச் சமைக்கவில்லை.

21 ஆகஸ்ட்
மாட்டு டாக்டர் முபஷ்ஷிராவிடம் போனோம். செத்த கன்றின் போட்டோவைப் பார்த்ததும், கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை என்றார். அஞ்சலையின் வால் முடியையும் காளையின் முடியையும் வேரோடு எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்.

25 செப்டம்பர்
ரிசல்ட் வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான்.

“இதுங்க குள்ளமா இருக்கறதுக்கே ஒரு மரபுக் குறைதான் காரணம்மா. தாய், தகப்பன் ஒருத்தர்கிட்டருந்து வந்தா கன்னு குள்ளம், ஆனா நல்லா இருக்கும். ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்தா வயித்துலயே செத்துடும்.”

“அப்போ இவளுக்குக் கன்னே பொழைக்காதா?”

“குறை இல்லாத காளைக்குப் போடுங்க, பொழைக்கும். கன்னு குள்ளமாவும் வரலாம், உயரமாவும் வரலாம்.”

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ‘பொழைக்கும்’ என்றாரே! இவர் முகம்தான் ‘உயரமாவும்’ என்றதும் தொங்கிப்போனது.

18 நவம்பர்
டாக்டர் பார்த்துச் சொன்ன ஒரு நாட்டுக் காளையின் சினை ஊசி போட்டாயிற்று. அஞ்சலையால் ஈனக்கூடிய அளவில் கன்று போடும் காளையாம். சந்தைப் பேச்சை இவர் எடுக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

20 ஜனவரி 2024
சினை பிடித்திருக்கிறது.

26 ஜூன்
ஏழு மாதம் தாண்டிவிட்டது. வயிற்றில் கை வைத்தால் உதைக்கிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. ஏன்தான் இப்படிப் பயப்படுகிறேனோ?

27 ஆகஸ்ட்
உயிரோடு! கிடாரி! கால்கள் நெடுநெடுவென்று, அதை எப்படி மடக்குவதென்றே அதற்குத் தெரியவில்லை. இவர் துண்டால் துடைத்துக்கொண்டே, “நெட்டச்சி வந்துட்டாடி” என்றார். அவர் குரல் உடைந்ததை நான் கேட்காதது போல் இருந்தேன்.

8 நவம்பர்
காட்பாடியில் இரண்டாவது மாடி வீடு ஒன்றில் கூப்பிட்டிருந்தார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. நெட்டச்சி உள்ளே வராமல் திமிறிக்கொண்டு படிப் பக்கம் ஓடினாள். நான் பிடிப்பதற்குள் நாலு படி ஏறிவிட்டாள். எத்தனையோ லிஃப்ட் பார்த்த அஞ்சலை, லிஃப்ட் வாசலிலேயே நின்று ஒரு கத்துக் கத்தினாள். பிறகு திரும்பி, அந்தக் குட்டைக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துப் படியேறினாள். நான் கயிற்றை இழுத்துப் பிடிக்கப் போனேன்.

“விடு சுந்தரி” என்றார் இவர். “அவ புள்ள பின்னால போறா.”