குறைந்த இரண்டு ஊசிகள்

புரட்டாசி 9, செவ்வாய்

வெயில். புரட்டாசியில் பொன்னுருகக் காயுமாம். பொன் எங்கே, என் மண்டைதான் உருகுகிறது.

நல்லூர் நடேசண்ணன் வண்டி வந்தது. நாற்பத்தெட்டாம் வருஷத்துப் பிளஷர் கார். கியர் போட்டால் அடியில் ‘டொக்’. முப்பது மைல் தொட்டால் சீட்டெல்லாம் நடுக்கம். உளுந்தூர்பேட்டையில் எவனோ பின்னச்சின் கிரவுன் பல்சக்கரம் போச்சு என்று பயமுறுத்தி அனுப்பியிருக்கிறான். ஜாக்கி வைத்து, இன்ஜினிலிருந்து பின்னச்சுக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். கிரவுன் சுத்தம். ஷாஃப்டின் பின்முனையைப் பூட்டும் கிராஸில்தான் ஆட்டம்.

புதுக் கிராஸ் மெட்ராஸிலிருந்து வரப் பத்து நாள் ஆகும்.

“சனிக்கிழம வேப்பூரு போவணும் மாணிக்கம். மாமியா வூட்ல விசேஷம். எப்டியாச்சும் ஓட வெச்சிடு.”

“பாக்கறேங்கண்ணே.”

கழற்றிக் கால்வாசி திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் பாரம் தாங்கும். புதுசு வரும்வரை ஓடும்.

புரட்டாசி 10, புதன்

நாளெல்லாம் காற்று. எதிர்ச் சுண்ணாம்புச் சூளையின் வெள்ளைத் தூள் மூக்கில், சோற்றில், கிரீஸில். கிராஸின் கிண்ணத்தைக் கழற்றும்போது ஒரு தும்மல். உள்ளே சுற்றிலும் அடுக்கியிருந்த பேரிங் ஊசிகள், மெல்லிய இரும்பு உருளைகள், தரையில் சிதறின. பொறுக்கி அடுக்கினேன். இரண்டு குறைகிறது.

காந்தம் போட்டுத் தேடினேன். சல்லடையால் தரைத் தூளைச் சலித்தேன்.

என் சம்சாரம் சரசு: “மாவு சலிக்கிறத எடுத்துகினு போயி மண்ண சலிக்கிறியே, உனுக்கு என்னா கேடு?”

கிடைக்கவில்லை. இடைவெளியில் கிரீஸை அப்பி மூடினேன். ஊசி குறைந்தால் மற்றவை சாயும், சாய்ந்தால் ஒன்றையொன்று மென்றுவிடும். தெரியும். அண்ணனிடம் சொல்லவில்லை. ‘மாணிக்கம் கை வெச்சா பிசகாது’ என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பேருக்கு ஆசைப்பட்டேன்.

புரட்டாசி 12, வெள்ளி

நேற்று வண்டி போயிற்று. சத்தமே இல்லை. அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

வாங்க வேண்டியது: கிரீஸ், மண்ணெண்ணெய், சரசுவுக்குச் சல்லடை.

வேப்பூர் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாமா? நல்லூருக்குப் பஸ் இருக்கிறது. போகவில்லை.

புரட்டாசி 13, சனி

மத்தியானம் ஆள் வந்தது. வேப்பூருக்கு இந்தப் பக்கமே ஷாஃப்டு பின்னால் கழன்று, தரைப் பலகையைப் பிளந்துவிட்டது. புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றதாம். பின் சீட்டில் இருந்த அண்ணிக்குக் கணுக்கால் எலும்பு போச்சு.

லாரி பிடித்துப் போனேன். பலகையில் ரத்தம். அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அடியில் படுத்துப் பார்த்தேன். அந்தக் கிண்ணமேதான். ஊசி ஒன்றுகூட முழுசாக இல்லை. கிண்ணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும்.

புரட்டாசி 16, செவ்வாய்

மப்பு. மழை இல்லை.

அண்ணன் வந்தார். என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“எந்தம்பி செல்வராசு வேல மாணிக்கம் இது. வெள்ளிக்கிழம ராவு வண்டி அவங் கொட்டாயிலதான் நின்னுச்சி. அடியில குனிஞ்சி என்னாமோ பண்ணிகினு இருந்தானாம், பாத்தவங்க சொல்றாங்க. கேட்டா கோழிய வெரட்னேங்கிறான். கெணத்துப் பங்கு குடுக்கலன்னு ஆத்திரம்.”

“அவரு அப்டி செய்வாரா?” என்றேன்.

“வெள்ளிக்கிழம கோயில்ல அவம் மேல சாமிக்கு பிராது எழுதி சூலத்துல கட்டப்போறேன். எனுக்குக் கையெழுத்து போடத்தான் தெரியும். நீ வந்து எழுதிக் குடு. வண்டி வெவரமும் உனுக்குத்தான் தெரியும்.”

தலையாட்டிவிட்டேன்.

புரட்டாசி 18, வியாழன்

செல்வராசு பட்டறைக்கே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. “நீங்களாச்சும் சொல்லுங்க. கோழிதாங்க போச்சு அடியில. எம் புள்ளைங்கள அண்ணன் வூட்டு வாசப்படி மிதிக்க வுடல.”

“பேசறேங்க” என்று அனுப்பினேன். பொய். தூ, நானும் ஒரு மனுஷன்.

பிராது பொய்யாகக் கட்டினால் கட்டினவன் பக்கமே திரும்பும் என்பாள் சரசு. அண்ணனுக்குத் திரும்புமா, எழுதினவனுக்கா?

புரட்டாசி 19, வெள்ளி

கோயில். கூட்டம். சூலத்தைச் சுற்றி ஊர்ப்பட்ட காகிதம். திருட்டு, துரோகம், சொத்து.

அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். ‘என் வண்டியைக் கெடுத்து, என் சம்சாரம் காலை முடமாக்கியவனை மூணு மாசம் மூணு நாழிகைக்குள் தண்டிக்க வேண்டியது.’

“பேர எழுது. செல்வராசுன்னு, அப்பா பேரோட.”

கை நின்றது. உண்மையை அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு யோக்கியன் இல்லை நான். செல்வராசு என்றும் எழுத முடியவில்லை.

கூனிமேட்டான் மகன் மாணிக்கம், மெக்கானிக் என்று எழுதினேன். அடி மட்டும் தெரிய மடித்துக் கொடுத்தேன்.

அண்ணன் அடியில் கையெழுத்துப் போட்டு, சாமி காலில் வைத்து எடுத்து, சூலத்தில் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நீ இருந்ததால ஆச்சு மாணிக்கம்” என்று என் தோளைத் தட்டினார். “அவன் குடும்பம் வெளங்குதான்னு பாரு இனிமே.”

சரசுவும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். அவர் சொன்னபோதுதான் அவர்கள் ஞாபகமே எனக்கு வந்தது.