நாலு மணிக்கு மாற்றிய தேதி

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக மாமா சொன்னார். இதை உன் மகளை வாசிக்கச் சொல்லிக் கேள்.

நம் கல்லூரியில், உன் நூலகத்தில் காணாமல் போன, கையால் வரைந்த அந்தத் தாவரப் படப் புத்தகத்தை எடுத்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். துப்பறியும் நாவல் படித்தே உருப்படாமல் போவேன் என்பாயே, அதுதான் கைகொடுத்தது. நாவலில் வருகிற மாதிரியே எல்லோரையும் வாசிப்பறையில் உட்காரவைத்துச் சொன்னேன். நூலகத்தில் வைத்திருக்கும் அதன் புத்தகச் சீட்டில் கையெழுத்து இல்லை. தேதி சீல் மட்டும்: பன்னிரண்டு. அன்று வெள்ளையடிக்க நூலகத்தை மூடியிருந்தார்கள். சாவி அட்டெண்டரிடம்தான் இருந்தது.

மனுஷன் வாயே திறக்கவில்லை. அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எங்கள் துறைத்தலைவர், பெரிய சார், எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

உன் பிரியமுள்ள,
தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதறா. சில வார்த்தையை எழுத மாட்டேன்னுட்டா, தப்பிச்சே.

பத்தொன்பது வருஷமா என் கூட வேலை பார்க்கிற மனுஷனைத் திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? காலையில பிள்ளைங்க கூட்டத்துல மறந்துடும்னு, நான் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கே சீலை மறுநாள் தேதிக்கு மாத்திடுவேன். பன்னிரண்டுன்னு இருந்தா அது பதினொண்ணாம் தேதி, நாலு மணிக்கு அப்புறம். அன்னைக்கு அந்நேரத்துக்கு வந்தது ஒரே ஆள், உன் பெரிய சார். ஏதோ ஒரு புத்தகத்தைக் கக்கத்துல வச்சிருந்தார். என்ன புத்தகம்னு பார்க்காம சீல் குத்தினேன். பெரியவர் ஆச்சேன்னு கையெழுத்தும் கேக்கல. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். என் தப்பு அது.

தோளைத் தட்டினாராம். வயிறு எரியுது. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு எழுது.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது சரி. புத்தகம் சார் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. ஞாபகமறதி என்றார். எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் என் கையிலேயே கொடுத்தனுப்பினார். யாருக்கும் தெரியாமல் நூலகப் பீரோவில் வைத்துவிட்டேன்.

புத்தகம் கிடைத்தாயிற்று, இதோடு விட்டுவிடலாம். என் பதவி உயர்வுக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அத்தனை பேர் முன்னால் சொன்னதை இப்போது மாற்றிச் சொன்னால் நான் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது? அட்டெண்டருக்கு வேறு எங்காவது வேலைக்குச் சொல்லிப் பார்க்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். கோபப்பட்டால் கண்ணுக்கு ஆகாது.

தம்பி

மார்ச் 27

விரிவுரையாளர் அவர்களுக்கு,

இதை நானே எழுதறேன். ஒரு கண்ணுல கட்டு, வரி கோணலாத்தான் போகும். என் மகளைக் கொண்டு எழுத வைக்க வெட்கமா இருந்தது.

நேத்து அட்டெண்டர் வீட்டுக்குப் போனேன். ஏன்யா வாய் திறக்கலைன்னு கேட்டேன். "சீலை முன்கூட்டியே மாத்தறது விதிக்கு விரோதம்மா. சொன்னா உங்க வேலைக்கு ஆபத்து வரும்னு இருந்துட்டேன்"னார். உன் சாமர்த்தியத்துக்கு முன்னாடி அந்த மனுஷன் எனக்காகத் தலை குனிஞ்சு நின்னிருக்கார். நீ எனக்காகக் கவலைப்பட்டது என் கண்ணைப் பத்தி மட்டும்தான்.

கல்லூரி முதல்வருக்கு எழுதிட்டேன், சீல் மாத்தினது, கையெழுத்து வாங்காதது எல்லாம். உன் ரெண்டாவது கடிதத்தையும் அதோட வச்சு அனுப்பிட்டேன். இத்தனை நாவல் படிச்சவன், தடயத்தைக் கையெழுத்துப் போட்டா அனுப்புவான்?

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வாசிப்பறைக்கு வரேன். அட்டெண்டரும் கூட வரார். அன்னைக்கு உட்கார்ந்திருந்த எல்லாரையும் நீயே கூப்பிட்டு வை. நீயே சொல்லிட்டா, சாயங்காலம் வீட்டுக்கு வா, சாப்பிடலாம். சொல்லலைன்னா நான் சொல்வேன். அதுக்கப்புறம் என் வீட்டுப் படி ஏறாதே.

நூலகர்