சொந்த ஊரில் ஓர் அறை எடுத்தேன்

கதவைத் திறந்ததும் பழைய சுண்ணாம்பும் தேக்கும் கலந்த வாசனை வந்தது. எனக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு வருஷமும் அரையாண்டு விடுமுறை முடிந்து செஞ்சியிலிருந்து வேலூருக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் உன் புடவையிலிருந்து இதே வாசனைதான் வரும். என் புடவையில் மீன் குழம்பு வாசனை அடிக்கும்.

நீ இல்லாமல் போய் ஏழு மாதமாகிறது. நீ வழக்கமாகத் தங்கும் பழைய பங்களா ஓட்டலில், உன்னுடைய அதே மாடி அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எந்தக் காலத்திலோ ஒரு மணிலாக்கொட்டை வியாபாரி கட்டிய வீடு. இரண்டடி கனத்தில் சுவர், தேக்கு உத்தரம், ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை. வாடகையும் நம்மைப் போன்ற டீச்சர்களுக்குக் கட்டுப்படியாகிறது. நீ சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

செஞ்சியில் பிறந்தவள் நான். நீயோ தஞ்சாவூர்க்காரி, இங்கே உனக்கு ஒரு சொந்தம் கிடையாது. ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவோம். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போவாய், நான் தம்பி வீட்டுக்குப் போவேன். கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அக்காள் ஓட்டலில் தங்கினால், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றுதான் ஊர் பேசும். அதனால் ஹாலில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் படுப்பேன். நீ விடியலில் கோட்டை ஏறி இறங்கி வந்து ஜன்னலோரம் காபி குடிக்கும் நேரத்தில் நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பேன். ஊர்தான் என்னுடையது, விடுமுறை உன்னுடையது.

ஒரே ஒரு தடவை நீ கூப்பிட்டாய். "ஒரு நாள் வந்து தங்குடி. தம்பி கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்" என்றாய். சொந்தபந்தம் இல்லாதவர்களுக்குத்தான் லாட்ஜ் என்று பதில் சொன்னேன். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட உன்னிடம் அதைச் சொன்னேன். நீ சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை அது.

நேற்று மதியம் வந்தேன். தம்பிக்குச் சொல்லவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு, பிறந்த ஊரிலேயே திருடி மாதிரி ஆட்டோவில் வந்து இறங்கினேன். நம் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் மேனேஜர் பாய் எழுந்தே விட்டார். உன் பெயரைச் சொல்லி, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நீ படிக்கட்டில் உட்கார்ந்து அவர் பேத்திக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது, சமையலறைக்குள் புகுந்து ரசம் வைத்தது எல்லாம் ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து வந்தன. இங்கே பிறந்து வளர்ந்த என்னைப் பார்த்து இப்படி எழுந்து நிற்க ஓர் ஆள் கிடையாது. நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் மனுஷர் அழுதுவிடுவார் என்று தெரிந்தது. உனக்காக இந்த ஊர்க்காரர் ஒருவர் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. துக்கம் என்று நினைத்துவிடாதே. முழுக்கப் பொறாமை.

அறையில் இரண்டு கட்டில்கள் கிடந்தன. அது வேறு புகைச்சலைக் கிளப்பியது. தனியாகத் தங்குகிறேன் என்பாயே, யாரை அழைத்து வந்தாய்? ஸ்டாஃப் ரூமில் இருக்கும் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துச் சந்தேகப்பட்டேன். இன்று காலை கீழே போய், பட்டும் படாமலும் பாயிடமே கேட்டேன்.

"யாரும் வரமாட்டாங்கம்மா. சின்ன ரூமு தரேன்னாலும் வாணாம்னுடுவாங்க. இந்த ஊருக்காரி ஒருத்தி தம்பி வூட்ல மாட்டிக்கினு முழிக்கறா, என்னிக்காவது தப்பிச்சி வந்தா படுக்க எடம் வேணும்லன்னு சொல்லுவாங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நீ இல்லை என்பதைச் சொல்லிவிட்டேன். பாய் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பயந்தபடியே அழுதார். நானும் அழுதேன். அழும்போதே, நான் போனால் இங்கே யார் இப்படி அழுவார்கள் என்றும் புத்தி ஓடியது.

மாடிக்கு வந்தால் தம்பியின் போன். யாரோ என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னாக்கா, லாட்ஜ்ல ரூம் போட்டுக்கினியாமே. ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும்டா. நாளைக்கும் இங்கதான் இருக்கப்போறேன்."

சரி, மத்தியானம் சாப்பாட்டுக்காவது வந்துவிட்டுப் போ என்று சொல்லி வைத்துவிட்டான். இத்தனை வருஷமாக நான் பயந்து கிடந்த சண்டை அரை நிமிஷம்கூட நடக்கவில்லை.

உன் விடுமுறையின் மேல் இனி எனக்குப் பொறாமை இல்லை, நாளைக்கு நானும் கோட்டை ஏறுவேன். ஆனால் அப்படி ஒரு வார்த்தை சொன்னவளுக்காக வருஷா வருஷம் ஒரு கட்டிலைக் காலியாகப் போட்டு வைத்தாயே, அந்த மனசு எனக்கு வராது. அந்தப் பொறாமையை மட்டும் நான் சாகும்வரை வைத்திருப்பேன்.