சர்வர் அறை வாசலில் நின்றவளுக்கு

இன்று காலை சர்வரை அப்டேட் செய்துவிட்டு, நோயாளிகளின் விவரங்களை நகலெடுத்து வைக்கும் டேப்பைச் செருகினேன். அப்படி ஒரு சாதனமே இல்லை என்றது திரை. அந்த வரியைப் பார்த்ததும், எரிந்த காகித வாடை என் மூக்கில் ஏறியது. நர்சாக வந்த என்னை இந்தக் கம்ப்யூட்டர் வேலைக்கும் பழக்கியவள் நீ.

அன்றைக்கு பைக் விபத்தில் அடிபட்டு வந்த பையன் ஒருவன் நம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார்கள். கண்ணாடிக் கதவு சிதறியது. டயாலிசிஸ் நோயாளிகளின் பைல்களை வாசலில் குவித்துக் கொளுத்தினார்கள். நீ சர்வர் அறையை மறித்து நின்றாய்.

"உள்ள பேஷண்ட்டுங்க விவரம் இருக்குதுண்ணா. உடைக்காதீங்க."

இறந்த பையனின் பெரியப்பா மகன் உன் தலையில் கம்பியை இறக்கினான். நீ சரிந்ததும் உன்னைத் தாண்டிப்போய் சர்வரை மிதித்தே நொறுக்கினார்கள்.

மாடியில் இருந்த பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டரும் டேப் டிரைவும் தப்பியிருந்தன. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நீ படியேறினாய். கேபிளை மாற்றினாய். மிஷின் ஆன் ஆகும்போது திரையில் ஓடிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாய்.

"டேப்பு நல்லாதான் இருக்குது. மிஷினுக்குத்தான் இதப் படிக்க வைக்கிற டிரைவர் இல்ல."

"டிரைவர் வெளியதான் நிக்கிறாரும்மா, ஆம்புலன்ஸ எடுக்கச் சொல்லவா?" என்றார் வாட்ச்மேன். நீ சிரித்தாய். சிரித்த வேகத்தில் துணி மறுபடி நனைந்தது. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மருந்து அளவு தெரியாம யாருக்குடி ஊசி போடுவ? இரு."

அப்போதுதான் ஆட்டோவில் ஓர் அம்மாவை ஏற்றிவந்தார்கள். கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தூக்கி வந்தவன், உன்னைக் கம்பியால் அடித்த அவனேதான். கீழே ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து, கை வலிக்கும்வரை அடித்தேன். அவன் தடுக்கவில்லை. நீ மாடிப்படியில் நின்று சொன்னாய்.

"விடுடி. அவங்கம்மா பேர் இன்னா? கேளு."

மிஷினை இயக்கும் மூலப் புரோகிராமான கெர்னலில் டிரைவரைச் சேர்த்தாய். அப்போதும் டேப் தெரியவில்லை. டிரைவர் பைலில் அந்த மாடலே இல்லை என்று கண்டுபிடித்து ஒரு வரி எழுதினாய், மறுபடி ஆன் செய்தாய். டேப் சுற்றத் தொடங்கியது. அந்த அம்மாவின் பக்கம் வந்தது: ஹெபாரின் ஒத்துக்கொள்ளாது. டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க எல்லோருக்கும் போடுகிற மருந்து அது. கைப்பழக்கத்தில் நான் போட்டிருப்பேன்.

சில வாரம் கழித்து உனக்கு வலிப்பு வந்தது. தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. உன் ஊர் தொண்டூருக்கு உன் உடலைத்தான் கொண்டுபோனோம்.

அவன் ஜாமீனில் இருக்கிறான். திங்கட்கிழமைதோறும் அம்மாவைக் கூட்டிவருகிறான். அவனைக் கண்டால் என் பல் கடிபடுகிறது. அது குறையவில்லை, குறையவும் வேண்டாம். கோர்ட்டில் சாட்சி சொல்ல அழைத்திருக்கிறார்கள். யார் அடித்தது என்று கேட்டால் அவனைத்தான் காட்டுவேன். அதற்கு முந்தின திங்கட்கிழமை, அவன் அம்மாவின் பக்கத்தைத் திரையில் ஒருமுறை படித்துவிட்டுத்தான் அவர் கையில் ஊசி போடுவேன்.